முள் 90-இல் நிற்கிறது, கார் 99-இல் ஓடுகிறது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் கவனத்துக்கு

"அண்ணே, மீட்டரை மட்டும் மாத்திக் கொடுத்துடுங்க" என்றபடி அந்தத் தம்பி சாவியை நீட்டினார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், இன்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகும் வகை. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேகம் காட்டும் ஸ்பீடோமீட்டரின் முள் 90-ஐத் தாண்டாமல் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் வேகக் கேமரா 99 என்று பதிவு செய்து அபராதச் சீட்டு வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு பழைய மீட்டரையும் வாங்கித் துணியில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்திருந்தார்.

வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவன் நான். மாற்றிக் கொடுங்கள் என்று என்னிடம் வந்த மீட்டர்களில் பெரும்பாலானவற்றில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. தனக்கு வரும் கணக்கை மீட்டர் அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். கணக்கை அனுப்பும் இடத்தில்தான் யாரோ கை வைத்திருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இது இன்னும் அதிகம், ஏனென்றால் முந்தைய சொந்தக்காரர் எதையாவது மாற்றிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது கோளாறு அல்ல. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி எண் 39-இன்படி, முள் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம்: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் 4 கி.மீ. அதாவது கார் 100-இல் ஓடும்போது முள் 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. அதனால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். போனின் ஜிபிஎஸ்ஸில் 95, மீட்டரில் 100 என்று பதறி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் முள் குறைத்துக் காட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அந்த விதிப்படி தொழிற்சாலையிலிருந்து எந்தக் காரும் அப்படி வரக் கூடாது, பெரும்பாலும் யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள். 90 என்று நம்பி 99-இல் போகும் வண்டியில் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 21 சதவீதம் அதிகம். வளைவிலும் பிரேக்கிலும் அது தெரியும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். நேரான, மேடுபள்ளமில்லாத சாலையில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, முள்ளை 40, 60, 80, 100 என்று ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஜிபிஎஸ் காட்டுவதை எழுதட்டும். வேகம் கூடும்போதும் குறையும்போதும் ஜிபிஎஸ் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும், அப்போது எழுதாதீர்கள். ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் படிக்கும் கருவி) இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும் வேகத்தையும் மூன்றாவது வரிசையாக எழுதுங்கள். போன் இல்லாத காலத்தில் கிலோமீட்டர் கல்லை வைத்தே பார்த்தோம். 60-இல் ஒரு கிலோமீட்டருக்கு 60 விநாடி, 90-இல் 40 விநாடி. அந்தக் கணக்கு இன்றும் பொய்க்காது.

எழுதிய தாளைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எல்லா வேகத்திலும் ஒரே சதவீதம் பிசகினால் டயர் அல்லது கியர் விகிதம். எல்லா வேகத்திலும் ஒரே எண்ணிக்கை பிசகினால், அதாவது 40-இலும் 8, 100-இலும் 8 என்றால், யாரோ முள்ளைப் பிடுங்கித் தப்பான இடத்தில் சொருகியிருக்கிறார்கள். மீட்டருக்குள் எல்இடி பல்பு போட்ட கார்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். டயல் தகட்டை எடுக்க முள்ளைக் கழற்றியே ஆக வேண்டும், எங்கே நின்றது என்று குறித்து வைக்காமல் கழற்றிவிடுவார்கள். ஸ்கேனரில் சரியான வேகம் வந்து முள் மட்டும் தப்பாக நின்றால், அப்போதுதான் மீட்டரைச் சந்தேகப்படலாம். முள் துள்ளினால் கேபிள், சென்சார், கனெக்டர், எர்த் இந்த நான்கில் ஒன்று.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் ஏமாறுவது அங்கேதான். 225/45 ஆர் 17 என்று போட்டிருந்தால், 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ. அதே ரிம்மில் 225/50 போட்டால் 657 ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கார் மூன்றரை சதவீதம் கூடுதல் தூரம் ஓடும், முள்ளுக்கு அது தெரியாது. 215/40 போட்டால் 604, இப்போது முள் 100 காட்டும்போது உண்மையில் 95. பெரிய ரிம் போட்டாலே மீட்டர் கெட்டுவிடும் என்று சொல்வதும் சரியல்ல. 225/40 ஆர் 18 வெறும் 637-தான், அரை சதவீதம்கூட வித்தியாசம் வராது. தேய்மானத்துக்கும் பங்கு உண்டு. டயரில் தரையைத் தொடும் பட்டன் 8 மி.மீ. உயரத்திலிருந்து 1.6-க்குத் தேய்ந்தால் விட்டத்தில் ஏறக்குறைய 13 மி.மீ. குறையும், மீட்டர் சுமார் 2 சதவீதம் கூட்டிக் காட்டும்.

"பெரிய டயர் போட்டேன், இப்போ ஜிபிஎஸ்ஸும் மீட்டரும் ஒண்ணா இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. முள்ளைக் கூட்டி வைக்கும் தயாரிப்பாளர் பொதுவாக ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிடும் ஓடோமீட்டரைக் கூட்டி வைப்பதில்லை. முள்ளின் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிட்டு, கிலோமீட்டர் கணக்கைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

கேபிள் வைத்த பழைய மீட்டர்களில் வேலை எளிது. சுழலும் காந்தம், அதைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம், இழுத்துப் பிடிக்க மெல்லிய சுருள்வில். 1902-இல் ஓட்டோ ஷுல்ஸே காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடுதான் பல பத்தாண்டுகள் ஓடியது. முள் துடித்தால் கேபிளை உருவி, துடைத்து, கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் மீட்டருக்குள் ஏறிவிடும். கேபிள் எங்காவது கூர்மையாக மடங்கியிருந்தால் புதுசு போடுங்கள். கேபிளுக்குப் பதில் சென்சார் வைத்த வகையில், கியர்பாக்ஸிலிருந்து சென்சாரைக் கழற்றி முனையைப் பாருங்கள். காந்த முனையில் இரும்புத் தூள் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டியிருக்கும். துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் கார்களில், அந்தச் சென்சார் படிக்கும் பல் வளையம் துருவேறி விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரியலாம்.

வேக சிக்னல் மீட்டருக்கு மட்டும் போவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பல கார்களில் ஸ்டியரிங்கின் கனம், குரூஸ் கன்ட்ரோல், தானாக எழும் பின் இறக்கை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. வயரை வெட்டி ஒட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. "ஸ்பீடோமீட்டர் மட்டும் ஓடல, சின்ன வேலைதான்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலான கார்களில் முள்ளுக்கும் ஓடோமீட்டருக்கும் ஒரே சிக்னல். முள் படுத்திருந்த காலத்தில் கிலோமீட்டரும் ஏறியிருக்காது. கேபிளை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்டியவர்களையும், சிக்னலைத் தடுக்கும் சிறு பெட்டியை மீட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கிலோமீட்டர் குறைவாக இருந்து, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் கிழிந்திருந்தால், பழைய சர்வீஸ் ரசீதுகளில் தேதியோடு எழுதிய கிலோமீட்டரைக் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் அந்தக் கிலோமீட்டருக்காக ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அந்தத் தம்பியின் காரில் டயர் அளவு சரியாக இருந்தது. ஸ்கேனரும் முள்ளோடு சேர்ந்து குறைத்தே காட்டியது. எல்லா வேகத்திலும் ஒரே சதவீதம். வேக சென்சார் கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருந்ததால் அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் சக்தியைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, சக்கரத்தில் ஒரு கோடு. இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுற்றும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஷாஃப்டின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு) என்பதால் சக்கரம் ஒரு சுற்று போதும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நான் மெதுவாகச் சுற்றினேன், தம்பி கீழே படுத்து எண்ணினார். கையேட்டில் விகிதம் 4.10 என்று இருந்தது, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் நான்கு சுற்றைத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றே முக்காலுக்கு ஒரு நூல் முன்னால் கோடு வந்து நின்றது. "அண்ணே, நாலே வரலையே" என்றார். இன்னொரு முறை சுற்றினோம். அதே இடம்தான்.

யாரோ டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்களை 3.73-க்கு மாற்றியிருக்கிறார்கள். 4.10-ஐ 3.73-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.1. முள்ளின் 90 அப்படித்தான் 99 ஆனது. அவர் கொண்டுவந்த மீட்டரைப் போட்டிருந்தாலும் அதே 90-தான் காட்டியிருக்கும். துணியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

சென்சாரிலிருந்து வயர் கிளை பிரிவதற்கு முன்னால் சிக்னல் திருத்தும் மாட்யூல் ஒன்றை வைத்தோம், இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் சரியான கணக்கு போகட்டும் என்று. பிறகு பழைய தாளையே எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டினோம். ஜிபிஎஸ் 60 காட்டியபோது முள் 61, 80-க்கு 82, 100-க்கு 102. கிளம்பும் முன் சர்வீஸ் புத்தகத்தில் அன்றைய தேதி, ஓடோமீட்டர் எண், விகிதம் 3.73, மாட்யூல் வைத்த இடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இன்ஜினின் டைமிங் பெல்ட்டை மாற்ற இன்னும் 4,000 கி.மீ. இருக்கிறது என்று அவர் கணக்கு வைத்திருந்தார். பினியன் எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது. இத்தனை நாளும் ஓடோமீட்டர் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும். பெல்ட்டை மறுவாரமே மாற்றினோம்.