1901-ஆம் ஆண்டுச் சட்டமும் 25-ஆவது திருத்தமும்: பாகிஸ்தான் பழங்குடி வட்டாரங்களின் உரிமைகள்

பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையில், பஜௌர் முதல் தெற்கு வஜிரிஸ்தான் வரையுள்ள பழங்குடி வட்டாரங்கள், ஆங்கிலேயர் 1901-இல் இயற்றிய எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 2018 மே மாதம் வரை இருந்தன. அரசமைப்பின் 25-ஆவது திருத்தம் அவற்றைக் கைபர் பக்துன்குவா மாநிலத்தோடு இணைத்தது.

பழைய சட்டத்தில் அரசியல் முகவர் என்ற அதிகாரியே நிர்வாகி, அவரே நீதிபதி. வழக்கை அவர் தாமே அமர்த்தும் ஜிர்கா என்னும் பெரியோர் சபைக்கு அனுப்புவார். வழக்கறிஞருக்கும் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. நன்னடத்தைப் பிணை தராதவரை 40-ஆவது பிரிவின்கீழ் மூன்றாண்டு சிறையில் வைக்கலாம். இங்கு மலேசியாவில், பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் 28 நாள் தடுப்புக்காவலையே நாம் விடாமல் எதிர்த்துப் பேசுகிறோம். ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருடைய குலத்தாரைப் பிடிக்கவும், அவர்களின் உடைமைகளைப் பறிக்கவும் 21-ஆவது பிரிவு வழிவிட்டது. இதன் சாயலை நம் மூத்தோரும் கண்டிருக்கிறார்கள்: 1952-இல் தஞ்சோங் மாலிம் அருகே 12 பேர் கொல்லப்பட்டபின், பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் அவ்வூர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். இங்கே அது அவசரகால நடவடிக்கை. அங்கே நூறாண்டுக்கு மேல் நீடித்த அன்றாட விதி.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை 1996-இல்தான் கிடைத்தது, கட்சிகளுக்கு அனுமதி 2011-இல். அதுவரை மக்கள் கூடிக் குறை பேசப் பள்ளிவாசலும் மதரஸாவுமே இருந்ததால், தலைமையும் அங்கிருந்தே எழுந்தது. 2001-க்குப் பின் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆயுதக் குழுக்கள், அரசின் இடைத்தரகர்களாகக் கருதப்பட்ட மாலிக்குகள் என்னும் குலத் தலைவர்கள் பலரைக் கொன்று, நிலத் தகராறுகளுக்கு உடனடித் தீர்ப்பு வழங்கத் தொடங்கின. 2007 டிசம்பரில் தெஹ்ரீக்-இ-தாலிபான் என்ற பாகிஸ்தான் தாலிபான் கூட்டமைப்பு உருவானது. ஆப்கான் போரையும், இத்தகைய குழுக்களை அரசே வளர்த்த வரலாற்றையும் ஒதுக்கிவிட முடியாது என்றாலும், இங்கே தீவிரவாதம் வளர்ந்ததற்கு மதப்பற்றை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை என்றே தோன்றுகிறது.

திருத்தத்துக்குப் பின் பெஷாவர் உயர் நீதிமன்றத்தின், உச்ச நீதிமன்றத்தின் அதிகாரம் இவ்வட்டாரங்களுக்கும் செல்லும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், மேல்முறையீடு செய்யலாம். மாநிலச் சட்டமன்றத்துக்கு 2019 ஜூலையில் முதன்முறையாக வாக்களித்தார்கள். கசாதார் என்ற குலக் காவலர்கள் மாநிலக் காவல்துறையில் சேர்க்கப்பட்டனர்.

நடைமுறை அவ்வளவு விரைவாக மாறவில்லை. தேசிய வருவாய்ப் பகிர்வில் 3 விழுக்காட்டை இவ்வட்டாரங்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்னது முழுமையாக நிறைவேறவில்லை. 2019-இல் நீதிமன்றங்கள் தொடங்கியபோது, வடக்கு வஜிரிஸ்தான் வழக்குகள் பக்கத்து மாவட்டமான பன்னுவிலும், தெற்கு வஜிரிஸ்தான் வழக்குகள் டாங்கிலும் நடந்தன. மலைக் கிராமத்தில் இருப்பவருக்கு ஜிர்காவும், சில இடங்களில் துப்பாக்கி ஏந்தியவரின் பஞ்சாயத்தும் அதைவிடப் பக்கத்தில் இருந்தன.