பிள்ளை செய்த கேமில் ஒரு எண்ணை மாற்றச் சொல்லிப் பாருங்கள்

கோடை விடுமுறை கேம் டிசைன் வகுப்புகள் முடியும் நாளில் பெற்றோரை வரவழைத்து பிள்ளைகளின் புராஜெக்டுகளைக் காட்டுவது வழக்கம். மலை, பனி, துப்பாக்கியோடு ஓடும் வீரன், பின்னால் சினிமா இசை என்று ஜொலிக்கும் 3டி கேம் முன்னால்தான் கூட்டம் நிற்கும். பக்கத்து மேசையில் ஒரு பந்து, இரண்டு மட்டை, ஒரு ஸ்கோர். அங்கே யாரும் நிற்பதில்லை. இந்த வகுப்புகளை எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் அந்த இரண்டாவது மேசைப் பிள்ளைதான் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறது.

யூனிட்டி மாதிரியான எஞ்சின்களுக்கு, அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருள்களுக்கு, நடக்கவும் ஓடவும் சுடவும் தெரிந்த கதாபாத்திரத்தோடு டெம்ப்ளேட்டுகள் என்ற முன்கூட்டியே செய்துவைத்த கேம்கள் கிடைக்கின்றன. இறக்கி, நிறத்தை மாற்றி, பெயரைப் போட்டால் ஒரே மதியத்தில் கேம் ரெடி. கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றுவதில் தப்பே இல்லை, மாவும் நான்தான் அரைத்தேன் என்று சொல்வதில்தான் வில்லங்கம். சில பயிற்சி மையங்கள் அதைத்தான் சான்றிதழில் அச்சடித்துக் கொடுக்கின்றன.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? "இது இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதிக்கட்டுமே" என்று கேளுங்கள், போதும்.

கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் கேம் செய்யும் ஸ்கிராட்ச் மென்பொருளில், பூனையைக் குதிக்க வைக்க 'வேகம்' என்று ஒரு வேரியபிள், அதாவது மாறும் எண்ணைப் போட்டுவைக்கும் பெட்டி, வைப்போம். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் அதில் 12 வரும். ஒவ்வொரு சுற்றிலும் பூனை அந்த அளவு மேலே நகரும், பிறகு வேகத்தில் 1 குறையும். 12, 11, 10 என்று ஏறி, பூஜ்யத்தில் ஒரு கணம் நின்று, மைனஸுக்குப் போனதும் விழ ஆரம்பிக்கும். ஈர்ப்பு விசை என்பது இங்கே அந்த 'ஒன்று குறை' மட்டும்தான். 12-ஐ 15 ஆக்கினால் குதிக்கும் உயரம் 78-லிருந்து 120 ஆகிவிடும். தானே செய்த பிள்ளை எண்ணை மாற்றிவிட்டு, "அப்புறம் மேல்தட்டுக் காசை ஏணி ஏறாமலே எடுத்துடலாம் சார், தட்டை நகர்த்தணும்" என்று தானாகவே சொல்லும். டிசைன் என்பது அந்த இரண்டாவது வாக்கியம்தான். டெம்ப்ளேட்காரர் ஃபைலுக்குள் ஃபைலாகத் தேடிக்கொண்டிருப்பார்.

சின்ன கேம் என்று முகம் சுளிக்க வேண்டாம். 1972-ல் அடாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் செய்த, பந்தும் இரண்டு மட்டையும் மட்டுமே உள்ள பாங் கேமே, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னெல் அவருக்குப் பயிற்சியாகக் கொடுத்த வேலைதான். பந்து மட்டையின் நடுவில் பட்டால் நேராகவும் ஓரத்தில் பட்டால் சாய்வாகவும் திரும்பும்படி மட்டையைத் துண்டுகளாகப் பிரித்தார். சர்க்யூட்டில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சி வரை போகவில்லை. அதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார், இல்லாவிட்டால் நன்றாக ஆடுபவர்கள் தோற்கவே மாட்டார்கள்!

வகுப்பில் அதிகம் கற்றுக்கொடுப்பது, அடுத்தவர் ஆடுவதை வாய்மூடிப் பார்க்கும் அரைமணி நேரம். ஒரு பெண், அணில் கொய்யாப்பழம் பொறுக்கும் கேம் செய்திருந்தாள். மேலிருந்து விழும் தேங்காய் பட்டால் அவுட். ஆட வந்த பையன் ஓடி ஓடித் தேங்காயைப் பிடித்தான். மேலிருந்து விழுவதெல்லாம் பரிசு என்றுதானே கேம்கள் அவனைப் பழக்கியிருக்கின்றன? "அது இல்லடா, கொய்யாவ எடு!" என்று இவள் கத்த, நான் பேசக்கூடாது என்று சைகை காட்டினேன். மறுநாள் தேங்காய் விழுவதற்கு முன் குலையில் ஆடியது, தரையில் நிழல் விழுந்தது. யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று, வீட்டில் நன்றாக ஓடிய கேம் வகுப்புக் கம்ப்யூட்டரில் தறிகெட்டு ஓடினால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒருமுறை மாறுவதற்கு, இத்தனை பிக்சல் நகர வேண்டும் என்று எழுதியிருந்தால், நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓடியது 144 ஹெர்ட்ஸில் 2.4 மடங்கு வேகமாக ஓடும். நகர்வை நேரக் கணக்கில் எழுதினால் சரியாகிவிடும். ஆரம்பப் பிள்ளைகளில் அநேகம் பேர் இதில் ஒருமுறை மாட்டுவார்கள்.

சினிமா பாட்டைப் பின்னணியில் போட்டு இணையத்தில் ஏற்றினால் காப்புரிமைப் பிரச்சினை வரும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்த படங்களும் ஒலிகளும் கென்னி (Kenney) என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் லேப்டாப். வகுப்பில் சேர்த்ததுமே கேமிங் லேப்டாப் வாங்க ஓடுகிறார்கள். ஸ்கிராட்ச் பிரவுசரிலேயே ஓடும். அடுத்த படியான கோடோ (Godot) என்ற கேம் எஞ்சினும் இலவசம்தான், 2டி கேமுக்கு வீட்டில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரே தாங்கும். அந்தப் பணத்தைப் பிள்ளை மூன்று கேமாவது முடிக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.