பின்பக்கம் பூட்டும் துப்பாக்கி: லீ-என்ஃபீல்டின் வேகம் எங்கிருந்து வந்தது?

இந்தியக் காவலர்களிடம் ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயரில் பல தலைமுறைகள் புழங்கிய லீ-என்ஃபீல்டு, 1895 முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிரிட்டிஷ் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கியாக இருந்தது. அது கண்ட போர்களைவிட அதன் போல்ட்டே என் வியப்புக்குரியது. பொறியாளர்கள் பலவீனம் என்று கருதிய ஓர் அமைப்பிலிருந்துதான் அதன் பெயர்பெற்ற வேகம் பிறந்தது.

தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் வாயு, குண்டை முன்னே தள்ளும்போதே தோட்டாக்கூட்டைப் பின்னோக்கியும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது போல்ட் என்னும் எஃகு உருளை. அதிலுள்ள புடைப்புகள் துப்பாக்கிச் சட்டத்தின் பள்ளங்களில் மாட்டிக்கொள்வதால் அது பின்னே பாயாமல் நிற்கிறது. ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கியில் முதன்மைப் புடைப்புகள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவை ஒட்டியே இருந்தன. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அவற்றைப் பின்பக்கத்தில் வைத்தார். அதனால் சுடும் கணத்தில் போல்ட் மிக நுண்ணிய அளவில் அமுங்குகிறது, சட்டமும் சற்றே நீள்கிறது. அழுத்தம் மிகுந்த தோட்டாக்களுக்கு இது உகந்ததன்று. ஆனால் போல்ட் முன்னும் பின்னும் நகர வேண்டிய தூரம் குறைந்தது. கைப்பிடியை மௌசரில் 90 பாகை உயர்த்த வேண்டியிருக்க, இங்கே ஏறத்தாழ 60 பாகை போதும். மேலும், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியை உந்தும் சுருள்வில் போல்ட்டைத் திறக்கும்போது அன்றி, முன்னே தள்ளி மூடும்போதுதான் இறுகுகிறது. ஆகவே, சூடேறிய தோட்டா அறையில் ஒட்டிக்கொண்ட வெற்றுக்கூட்டைத் தளர்த்தும் முதல் அசைவில், கையின் வலு முழுவதும் அந்த ஒரு வேலைக்கே கிடைக்கிறது.

1888-இல் பிரிட்டன் ஏற்ற முதல் வடிவம் லீ-மெட்ஃபோர்டு. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறத்தில் வில்லியம் மெட்ஃபோர்டு வடிவமைத்த ஆழமற்ற சுருள் வரிகள், கரிமருந்தின் கசடு குழலில் படிவதைக் குறைத்தன. பின்னர் வந்த கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தின் கடும் வெப்பம் அந்த வரிகளை விரைவில் அரித்துவிட்டதால், என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலை ஆழமான ஐந்து வரிகளை உருவாக்கியது. துப்பாக்கியின் பெயரில் இரண்டாம் பாதி அங்கிருந்து வந்தது.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் எதிரிகள் ஐந்து தோட்டாக்களை ஒரே கிளிப்பில் அழுத்தி நிரப்பியபோது, பிரிட்டிஷ் வீரர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தனர். அந்தப் பாடத்தின் விளைவாகக் கிளிப் ஏற்பும், காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொதுவான குட்டைக் குழலும் கொண்ட புதிய வடிவம் வந்தது. அதன் செம்மையான மூன்றாம் வடிவம் 1907-இல் ஏற்கப்பட்டது. இலக்குச் சுடும் வல்லுநர்கள் அதைக் கடுமையாகக் குறைகூறினர். மௌசர் பாணியில் வேறொரு துப்பாக்கியும் சோதனையில் இருந்தது. 1914-இல் போர் மூண்டதால் அந்த மாற்றம் நடக்கவில்லை. நடக்காமல் போனது பிரிட்டனின் நல்வாய்ப்பு என்பதே என் கணிப்பு.

அன்றைய பயிற்சியில் ஒரு வீரர் 300 கஜத் தொலைவில் ஒரு நிமிடத்துக்குள் 15 முறை இலக்கைச் சுட வேண்டியிருந்தது. தேர்ந்தவர்கள் அதையும் விஞ்சினர். மேகசின் என்னும் தோட்டாப் பெட்டியில் 10 தோட்டாக்கள் இருந்தன, போல்ட்டின் கைப்பிடியோ சுடும் விசைக்கு மிக அருகில் இருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் போல்ட்டை விடாமல் பிடித்திருக்க, நடுவிரலால் விசையை இழுத்தவர்களும் உண்டு. 1914 ஆகஸ்ட் 23-இல் மோன்ஸ் நகரில் இந்தச் சூட்டை எதிர்கொண்ட ஜெர்மானியர்கள், எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் இருப்பதாக எண்ணியதாகச் சொல்லப்படுகிறது.

சுடும் கணத்தில் போல்ட்டும் சட்டமும் காட்டும் அந்த நெகிழ்வுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சுடும்போது குழலின் முனை மேல்நோக்கி அதிர்கிறது. சற்று மெதுவாகச் செல்லும் குண்டு சற்றுத் தாமதமாக, அதாவது முனை இன்னும் உயர்ந்த பின்னர், வெளியேறுகிறது. வேகக் குறைவை அந்தக் கூடுதல் கோணம் ஈடுசெய்வதால், நெடுந்தொலைவில் இரு குண்டுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சென்று படுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்கு எளிதில் உற்பத்தி செய்யத்தக்க நான்காம் எண் வடிவம் வந்தது. 1957-க்குப் பின் அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் மேற்கு வங்கத்தின் ஈஷாபூர் தொழிற்சாலை, 1962 சீனப் போருக்குப் பின், பழைய மூன்றாம் வடிவத்தையே 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்றவாறு புதிதாகத் தயாரித்தது. புதிய தோட்டாவின் அழுத்தம் கூடுதல், பூட்டும் புடைப்புகளோ இன்னும் பின்பக்கத்தில்தான். ஆகவே லீயின் வடிவத்தை மாற்றாமல், வலிமை மிகுந்த எஃகைக் கொண்டு அச்சட்டத்தை உருவாக்கினார்கள்.