வெளிறிய தோலா, வெளிர்நிறத் தோலா?

பிறவியிலேயே மிகவும் வெளுத்த தோல் உள்ள நண்பர்கள் கூடினால், பேச்சு எப்படியும் அங்கே வந்து நிற்கும். "வெயிலில் நின்றால் நான் கறுக்கவே மாட்டேன், நேரே சிவந்து தோல் உரிந்துவிடும்" என்பார் ஒருவர். "என் கையில் நரம்பைத் தேடவே வேண்டாம், தானே தெரியும்" என்பார் இன்னொருவர். இப்படிப்பட்ட உரையாடலில் வரும் 'பேல்' (pale) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது, பலரும் சட்டென்று 'வெளிறிய' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

'வெளிறு' என்பது வெள்ளை, வெண்மை, வெளுப்பு ஆகிய சொற்களின் உறவு. ஆனால் பழந்தமிழில் அது நிறத்தோடு நிற்கவில்லை. முற்றாத, வயிரம் பாயாத மரத்தின் மென்மையும் வெளிறுதான். 'வெளிறில் நோன்காழ்' என்று தொடங்குகிறது புறநானூற்றின் 23ஆம் பாட்டு. யானையைக் கட்டும் தூண், வெளிறு இல்லாத வலிய மரமாம். குறள் 503 இன்னும் ஒரு படி உள்ளே போகிறது: 'அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு'. இங்கே வெளிறு என்றால் அறியாமை. மரமானாலும் மனிதனானாலும், இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்ற குறிப்பு இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டே வருகிறது.

இன்றைய வழக்கிலும் அப்படித்தான். "பயத்தில் முகம் வெளிறிவிட்டது" என்கிறோம். 'வெளிறிய' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். முன்பு நிறம் இருந்தது, இப்போது போய்விட்டது என்று அந்த வடிவமே சொல்லிவிடுகிறது. பிறந்ததிலிருந்தே அந்த நிறத்தில் இருப்பவருக்கு எது போனது? கேலியும் சிரிப்புமாக நடக்கும் பேச்சில் 'வெளிறிய தோல்' என்று போட்டால், படிப்பவர் நோயாளியை நினைத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் வெளியே தெரிவதில்லை. 'பேல்' லத்தீனின் 'பல்லிதுஸ்' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பயந்த முகத்துக்கும் பிறவி நிறத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் அவர்களுக்கு அது ஒரே சொல். நாம் பிரித்துச் சொல்லலாம்.

காதலர் பிரிவால் வருவது பசப்பு அல்லது பசலை. அது வெண்மைகூட இல்லை. 'பசுமை'யோடு உறவுள்ள சொல், மஞ்சள் கலந்த வாட்டம். குறளில் அதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் இருக்கிறது. இரத்தம் குறைந்து வெளுப்பது சோகை. பாண்டு என்ற வடசொல்லும் உண்டு.

அப்புறம், பிறவி நிறத்துக்கு? 'வெளிர்நிறத் தோல்' என்பதே என் தேர்வு. வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் என்று ஏற்கெனவே பழகிய அடைதான். அதில் காலமும் இல்லை, நோயும் இல்லை. அறிவியலுக்கும் அது பொருந்துகிறது. நிறமிச் செல்களின் எண்ணிக்கை எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனின் என்ற நிறமியின் அளவும் வகையும்தான் வேறுபடுகின்றன. 1975இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் உருவாக்கத் தொடங்கிய தோல் வகைப்பாட்டில், எப்போதும் சிவந்து எரிந்து, ஒருபோதும் கறுக்காத தோல் முதல் வகை. நம் நண்பர் சொன்னது அதைத்தான். மெலனின் உருவாவதிலேயே மரபணுக் குறை உள்ள அல்பினிசம் வேறு; இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

'சிவப்பு' என்று எழுதலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நம் பேச்சில் சிவப்பு என்பது பெரும்பாலும் மாநிறத்தைவிடச் சற்றுத் தெளிந்த பழுப்பு. அதில் ஒரு பாராட்டும் கலந்திருக்கும். நரம்பு தெரியும் வெண்மைக்கு அது பொருந்தாது.

நண்பர்கள் வாயில் 'வெளிர்நிறம்' கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும் என்பது உண்மை. அங்கே பேச்சுத்தமிழ் கைகொடுக்கும்: "நீ இப்படி வெள்ளைவெளேர்னு இருந்தா, வெயில்ல உன்னைப் பார்க்கவே கண்ணு கூசுதுடா!"