வெங்கோலனைச் சர்வாதிகாரி ஆக்காதீர்கள்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய ஒருவர், மன்னனைக் கொன்று அரியணை ஏறும் அதன் நாயகன் மக்பெத்தை எத்தனை முறை ‘சர்வாதிகாரி’ என்கிறார் என்று எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். குற்றம் அவருடையது மட்டுமன்று. ஆங்கிலத்தில் ‘டைரண்ட்’ (tyrant) என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் சர்வாதிகாரி என்று எழுதிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

மூலச் சொல் கிரேக்க மொழியின் ‘துரன்னோஸ்’. அதுவும் கிரேக்கருக்குச் சொந்தமானதன்று, சிற்றாசியப் பக்கமிருந்து வந்த இரவல் என்பதே பலர் கருத்து. கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆர்கிலோக்கஸ் சிற்றாசியாவில் இருந்த லிடியாவின் மன்னன் கைகஸைப் பற்றிய பாடலில் இதன் வழிச்சொல்லை ஆள்கிறார். முதலில் அதில் வசை இல்லை. மரபுவழி உரிமையின்றி ஆட்சியைப் பிடித்தவன் என்ற அளவிலேயே அது நின்றது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் கைவைத்த பிறகுதான், குடிகளின் நலனை விட்டுத் தன் நலனுக்காக ஆள்பவன் என்ற பொருள் உறைந்தது.

‘சர்வாதிகாரி’ என்பதற்கு நேரான ‘டிக்டேட்டர்’ வேறு குலத்துச் சொல். ரோமானியக் குடியரசில் அது சட்டபூர்வமான பதவி. நெருக்கடி வந்தால் ஒருவரை அமர்த்துவார்கள், ஆறு மாதத்துக்கு மேல் அவர் அதில் இருக்கக் கூடாது. கி.மு. 458இல் அப்பதவியேற்ற சின்சினாட்டஸ், வேலை முடிந்ததும் 16ஆம் நாளே அதைத் துறந்து உழவுக்குத் திரும்பினார் என்று ரோமானியர்கள் போற்றிச் சொன்னார்கள். கி.மு. 44இல் சீசர் தம்மை வாழ்நாள் டிக்டேட்டர் ஆக்கிக்கொண்டது பதவியின் சீரழிவேயன்றி அதன் இலக்கணமன்று. நம் ஊரிலும் இச்சொல்லுக்கு ஒரு கண்ணியமான காலம் இருந்தது. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்து நடந்த போராட்டத்தில், தொண்டர்களுக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றவர்களைச் ‘சர்வாதிகாரி’ என்றே அழைத்தார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் என்பதுதான் அதன் பொருள். யாரும் அவர்களைக் கண்டு நடுங்கவில்லை. அவர்களையும் மக்பெத்தையும் ஒரே சொல்லால் குறிக்கலாம் என்றால், அந்தச் சொல் எதைத்தான் குறிக்கிறது?

அதிகாரம் எவ்வளவு என்று அளப்பது சர்வாதிகாரி என்ற சொல். அதிகாரம் எத்தகையது, எதன்மேல் நிற்கிறது என்பதுதான் டைரண்ட் என்ற சொல்லின் கவலை. மக்பெத்திடம் அதிகாரம் முழுமையாக இல்லை என்பதே அந்த நாடகத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் தான் கூலி கொடுத்து வைத்திருக்கும் வேலையாள் ஒருவன் இருப்பதாக அவனே மனைவியிடம் சொல்கிறான். குடிகளின் பேச்சை ஒட்டுக்கேட்க ஆள் வைப்பது இவ்வகை ஆட்சியைக் காக்கும் உத்தி என்று, சிராக்கியூஸ் நகரத்தை எடுத்துக்காட்டி, அரிஸ்டாட்டில் முன்பே எழுதியிருக்கிறார். தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃபின், ஒளிந்துகொள்ளக்கூட நினைக்காத மனைவி மக்களைக் கொன்று குவிப்பது வலிமையின் செயலா? தன்னோடு போரிட்ட படைத்தலைவன் பாங்கோவை நினைத்தாலே தனக்குள் அச்சம் வேரோடுகிறது என்று புலம்பும் ஒருவனின் செயல் அது. கடைசியில் அவன் படைவீரர்கள் கட்டளைக்காக மட்டுமே நகர்கிறார்கள், அன்பினால் ஒருவனும் நகரவில்லை என்று எதிர்ப்பக்கத்தார் பேசிக்கொள்கிறார்கள். இப்படிப்பட்டவனுக்கு ‘எல்லா அதிகாரமும் உடையவன்’ என்று பட்டம் சூட்டுவது கேலியாகவாவது இருக்க வேண்டும்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில் குடியரசை இயக்குவது நல்லொழுக்கம், முடியாட்சியை இயக்குவது மானவுணர்வு, சட்டமின்றி ஒருவன் தன் மனம்போல ஆளும் ‘டெஸ்பாடிசத்தை’ இயக்குவது அச்சம் என்று பிரித்தார். இந்த மூன்றாவதற்கும் நம்மவர்கள் போடுவது அதே சர்வாதிகாரம்தான். டைரண்ட், டிக்டேட்டர், டெஸ்பாட் என்ற மூன்று வெவ்வேறு பூட்டுகளுக்கு ஒரே சாவி. திறக்கவில்லையென்றால் கதவைக் குறை சொல்வார்கள்.

சர்வாதிகாரி வடசொல் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அதிகாரமும் அச்சமும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே என் வழக்கு. அதைவிட உறுத்துவது, இந்தப் பாகுபாட்டை வள்ளுவர் நமக்குச் செய்து வைத்திருக்கிறார் என்பது. 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. கொடு என்றால் வளைவு. செங்கோல் நேராக நிற்க, இது கோணிப் போன கோல். ‘கோல்கோடி’ என்று 554ஆம் குறள் அதையே வினையாகச் சொல்கிறது. முறை தவறியவன் கொடுங்கோலன். அடுத்த அதிகாரமே ‘வெருவந்த செய்யாமை’, அதாவது அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதிருத்தல். அங்கே வள்ளுவர் சொல்லையும் மாற்றிவிடுகிறார்:

வெருவந்த செய்தொழுகும் வெங்கோல னாயின்
ஒருவந்தம் ஒல்லைக் கெடும்.

வெம்மையான கோலை உடையவன் வெங்கோலன். அச்சத்தால் ஆள்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் குழு உட்கார்ந்து படைக்கும்? பொதுப்பட டைரண்டுக்குக் கொடுங்கோலன் போதும். அச்சமே பேசுபொருளாகும் இடத்தில் வெங்கோலன் வேண்டும். (உறுதியாக, விரைவில் கெடுவான் என்பது நாடகத்துக்குத்தான் பொருந்துகிறது. வரலாற்று மக்பெத் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டவன்.)

கோல் என்பது மன்னர் காலத்துச் சொல், புராண நாடக வாடை அடிக்கிறது என்பார்கள். மக்பெத் மன்னன்தானே? மக்டஃப் அவனைப் பழிக்கும்போது, உரிமையற்ற, குருதி தோய்ந்த செங்கோலுடைய டைரண்ட் என்றுதான் ஷேக்ஸ்பியர் எழுதுகிறார். மூலத்திலேயே கோல் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ‘இரத்தவெறி பிடித்த சர்வாதிகாரி’ என்று எழுதக் கைவருகிறதென்றால், மூலத்தை விட்டுவிட்டு அகராதியை மட்டும் புரட்டுகிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

இறுதிக் காட்சியில் மக்டஃப் அவனைச் சரணடையச் சொல்லி, உன் உருவத்தை வரைந்து கழியில் மாட்டி, அதன் கீழே எழுதி வைப்போம் என்கிறான். ‘வெங்கோலனை இங்கே காணலாம்’ என்று எழுதினால் அந்த வசை சுடுகிறது. ‘சர்வாதிகாரியை இங்கே காணலாம்’ என்று எழுதிப் பாருங்கள். மனுவோடு வருபவர்களுக்கு வழிகாட்டும் அலுவலக அறிவிப்புப் பலகையாகிவிடுகிறது.