'கூட்டுறவுப் பொதுநலவாயம்' என்னும் பிழை

கனடாவின் அரசியல் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், 1932-இல் கால்கரி நகரில் உருவான 'கோஆப்பரேட்டிவ் காமன்வெல்த் ஃபெடரேஷன்' என்ற கட்சியைக் 'கூட்டுறவுப் பொதுநலவாயக் கூட்டமைப்பு' என்றே பெயர்த்து வருகின்றனர். பிரித்தானியப் பேரரசின் கீழிருந்த நாடுகள் கூடும் அமைப்புக்குத் தமிழில் பொதுநலவாயம் என்ற பெயர் நிலைத்துவிட்டதால், அந்த அமைப்போடு உறவுடைய கட்சி இது என்று வாசகர் எண்ணினால் குற்றம் அவருடையதன்று.

'கோஆப்பரேட்டிவ்' சேர்ந்து உழைத்தல் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழில் முன்பு 'ஐக்கிய நாணயச் சங்கம்' என்று வழங்கியது, பின்னர் கூட்டுறவு என்ற அழகிய சொல்லுக்கு இடம் விட்டது. அதில் எனக்கு வழக்கில்லை.

சிக்கல் 'காமன்வெல்த்' என்பதில்தான் இருக்கிறது. 'வெல்த்' முற்காலத்தில் செல்வத்தை மட்டுமன்றி நலத்தையும் குறித்தது. ஆகவே பொதுநலம் என்பதே நேர்ப்பொருள் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் வேர்ப்பொருளோடு அச்சொல் நின்றுவிடவில்லை. 1649-இல் முதலாம் சார்லசின் தலையைக் கொய்த பின் இங்கிலாந்து தன்னைக் 'காமன்வெல்த்' என்றே அறிவித்துக்கொண்டது. மன்னனுக்கு உரிமையில்லாத, மக்களுக்குப் பொதுவான அரசு என்பதே அங்கே அதன் பொருள். அமெரிக்காவில் லாரன்ஸ் குரோன்லுண்ட் 1884-இல் தம் நூலுக்குக் 'கோஆப்பரேட்டிவ் காமன்வெல்த்' என்று தலைப்பிட்டபோதும் ஒரு சமுதாய ஆட்சிமுறையையே கருதினார். ஆகவே இங்கே 'காமன்வெல்த்' என்பதைக் குடியரசு என்று பெயர்த்து, 'கூட்டுறவுக் குடியரசு' என்று எழுதுவதே சரி என்பேன்.

பொதுநலம் என்ற சொல்லை நான் மறுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்றுண்டு. தமிழில் அது தொண்டையும் ஈகையையும் நினைவூட்டுகிறது, கூட்டுறவோ ஈகையன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய சங்கத்தின் கடையில், முதலுக்கு வரம்புக்குட்பட்ட வட்டி மட்டுமே தரப்பட்டது. எஞ்சிய ஆதாயம், உறுப்பினர் ஒவ்வொருவரும் எவ்வளவு பொருள் வாங்கினாரோ அந்த அளவுக்கேற்ப அவருக்கே திரும்பியது. பங்கு எத்தனை இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். அங்கே உறுப்பினர் பெற்றது உரிமைப் பங்கு. எவருடைய கருணையும் அதில் இல்லை. இந்த நெறியைக் கடையிலிருந்து மொத்த வணிகத்துக்கும், அங்கிருந்து ஆலைகளுக்கும், இறுதியில் வேளாண்மைக்கும் விரிக்கலாம் என்று பிரான்சில் சார்ல் ஜீத் என்னும் பொருளியலாளர் திட்டம் வகுத்தார். அவர் மரபினர் அதற்கு இட்ட பெயரும் 'கூட்டுறவுக் குடியரசு' என்பதே. உரிமையையும் ஆளுகையையும் பற்றிய ஒரு கருத்துக்கு நலம் என்ற மென்மையான போர்வையைப் போர்த்துவது, அதன் முதுகெலும்பை முறிப்பதாகும்.

கனடாவில் மன்னர் இருந்தாரே, அவரை நீக்க அக்கட்சி முயலவில்லையே, குடியரசு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குடியரசு என்பது 'ரிப்பப்ளிக்' என்பதற்கு இணையாவதற்குமுன், குடிகளின் அரசு என்று தன்னளவிலேயே பொருள் தரும் தொடர். 1944-இல் சஸ்காட்சுவான் மாநிலத்தில் ஆட்சிக்கு வந்த அக்கட்சி, டாமி டக்ளஸ் தலைமையில் 1947-இல் மருத்துவமனைக் காப்பீட்டை எல்லாருக்கும் உரியதாக்கியதும் குடிகள் பங்குதாரர் என்ற எண்ணத்தோடு இயைந்ததே. குடியரசு என்பது உறுத்துமாயின் 'கூட்டுறவு மக்களாட்சி' என்று எழுதலாம், அதையும் ஏற்பேன். பொதுநலவாயத்தை மட்டும் ஏற்க இயலாது.

இத்தகைய பிழைகள் பெருகுவதற்குக் காரணம், அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து ஒட்டுகின்ற அவசரமே. இலாபப் பகிர்வு என்ற தொடருக்கும் இதே நிலைதான். முதலாளி விரும்பினால் தரும் ஊக்கத்தொகையையும், உறுப்பினருக்கு விதிப்படி சேரவேண்டிய ஆதாயப் பங்கையும் அந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். முன்னதைத் தருவதும் நிறுத்துவதும் முதலாளியின் கையில் இருக்கிறது, பின்னதை நிறுத்த உறுப்பினர்களின் பொதுக்கூட்டமே தீர்மானிக்க வேண்டும்.