அமெரிக்காவில் ‘ஃபெலனி’ வழக்கு: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் தெரிய வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை மீது ஃபெலனி வழக்கு என்று போன் வந்தால், ஊரில் இருப்பவர்கள் முதலில் கேட்பது “எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள்?” என்பதுதான். முதல்முறை மாட்டிக்கொண்ட பலர் ஒருநாள்கூடச் சிறையில் இருப்பதில்லை. ஆனால் விசாவோ கிரீன் கார்டோ போய்விடுகிறது. அதனால் இந்தச் சொல்லை ஒழுங்காகப் புரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தில் பெரிய குற்றம் ஃபெலனி, சிறியது மிஸ்டிமீனர். மத்திய அரசின் சட்டப்படி ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க இடமுள்ள குற்றம் ஃபெலனி. நீதிபதி உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பதைப் பார்ப்பதில்லை. அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கணக்கு. அபராதத்தோடு வீட்டுக்கு வந்தவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

மாநிலத்துக்கு மாநிலம் கோடு மாறும். நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்வோம். கடையில் நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இடத்தில் சில பொருள்களை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் பிடிபடுகிறார். பொருளின் விலை 195 டாலர் என்றால் முனிசிபல் கோர்ட், அதிகபட்சம் 6 மாதம். 205 டாலர் என்றால் நான்காம் நிலைக் குற்றம், அதிகபட்சம் 18 மாதம், வழக்கு கவுண்ட்டியின் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகும். நியூ ஜெர்சி சட்டம் ஃபெலனி என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. ஆனாலும் அந்த 18 மாதத்தால் மற்ற இடங்களில் அது ஃபெலனியாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். திருட்டு ஃபெலனியாக மாறும் தொகை டெக்சாஸில் 2,500 டாலர், கலிஃபோர்னியாவில் பொதுவாக 950 டாலர்.

வழக்குப் பதிவானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. போலீஸ் விசாரணையில் பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. “உள்ளதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள்” என்ற நம் ஊர் நம்பிக்கை இங்கே ஆபத்தானது; வக்கீல் வரட்டும் என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பதே சரி. வக்கீல் வைக்கப் பணமில்லாவிட்டால் ஃபெலனி வழக்குகளில் அரசே அமர்த்தித் தர வேண்டும்; 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அப்புறம், கேட்டால் இந்தியத் தூதரகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். மத்திய அரசின் ஃபெலனி வழக்குகளிலும் நியூ ஜெர்சியிலும் கிராண்ட் ஜூரி என்ற மக்கள் குழுவில் குறைந்தது 12 பேர் ஒப்புக்கொண்டால்தான் வழக்கு விசாரணைக்கு நகரும்.

பெரும்பாலான வழக்குகள் விசாரணைவரை போவதே இல்லை. “ஒப்புக்கொண்டால் சிறை இல்லை, ப்ரொபேஷன் (வெளியே கண்காணிப்பில் இருப்பது) மட்டும்” என்று அரசுத் தரப்பு பேரம் பேசும். நிம்மதியாகத் தோன்றும். கையெழுத்துப் போடும் இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

ஃபெலனி என்று தீர்ப்பானால் குடியுரிமை உள்ளவருக்குக்கூட இழப்பு பெரிது. மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க முடியாது. வழக்கில் தீர்ப்புச் சொல்லும் மக்கள் குழுவான ஜூரியில் உட்கார முடியாது. சில தொழில் உரிமங்கள் கிடைப்பது கடினம். வாக்குரிமை மாநிலத்தைப் பொறுத்தது. மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள்ளிருந்தே வாக்களிக்கலாம். நியூ ஜெர்சியில் சிறையை விட்டு வெளியே வந்தால் உரிமை திரும்பிவிடும்.

குடியுரிமை இல்லாதவருக்கு இதைவிடக் கடுமை. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் செய்த நெறிகேடான குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமிருந்தால், நாடு கடத்தலாம். திருட்டு பொதுவாக இந்த வகையில்தான் சேரும். மேலே சொன்ன 205 டாலர் கதையை இதோடு சேர்த்துப் பாருங்கள். திருட்டுக்கு ஓராண்டுத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்திருந்தாலும், குடியேற்றச் சட்டம் அதை முழு ஓராண்டாகவே எண்ணும். அப்போது கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலிலிருந்து தப்பிப்பது கடினம். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு மாநில நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தாலும், பல சமயம் குடியேற்றத் துறைக்கு அது தண்டனைதான்.

ஹோண்டுராஸில் பிறந்த ஹோசே பாடியா 40 ஆண்டுகளாக அமெரிக்காவில் சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அந்நாட்டுக்காகப் பணியாற்றியவர். கென்டக்கியில் கஞ்சா வழக்கில் சிக்கினார். இத்தனை வருஷம் இங்கே இருந்தவருக்குக் குடியேற்றச் சிக்கல் வராது என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார். நாடு கடத்தும் நிலை வந்தது. அவர் தொடுத்த வழக்கில்தான் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தல் வரக்கூடுமா என்பதைக் குற்றவியல் வக்கீல் கட்சிக்காரரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எனவே வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே உங்கள் விசா நிலையைச் சொல்லிவிடுங்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த இன்னொரு வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு தள்ளுபடியானால்கூட நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் இறுதி உத்தரவின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விசா விண்ணப்பத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்பார்கள். எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் ஆம் என்று எழுதி அந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.